மூன்று தொட்டித் தண்ணீர்

பிப்ரவரி 2

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அரிசி மூட்டைமேல் கிடந்தது. என் வீட்டுக்காரி பாவாத்தாள் அடுப்புப் பற்றவைக்கத் தாள் கிழிக்கப் போனாள், பிடுங்கி வைத்துக்கொண்டேன். இந்த வருஷம் எழுதும்படியாக ஒன்று நம் தோட்டத்தில் நடக்கப்போகிறது.

ஷர்மிளா மேடம் என்று ஒரு பெண், தாராபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. தண்ணீர் இல்லாத காடு தோட்டங்களுக்கு மலிவான சொட்டுநீர் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறார். கருக்கம்பாளையத்தில் முதலில் யார் தோட்டத்தில் போட்டுப் பார்ப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். இந்த ஊரில் எந்த மோட்டார் நின்றுபோனாலும் பொங்கியண்ணனைத்தான் கூப்பிடுகிறார்கள். இதற்கும் நான்தானே முன்னால் நிற்க வேண்டும்.

பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஆறடிக் கல்மேடை, அதன்மேல் ஐயாயிரம் லிட்டர் தொட்டி. ஆழ்குழாய்ப் போரிலிருந்து கம்ப்ரசர் மோட்டார் தொட்டியை நிரப்பும். தொட்டியிலிருந்து, தூசி வடிகட்டுகிற ஒரு சல்லடை வழியாக ஒரு குழாய் இறங்கும். அதிலிருந்து வரிசைக்கு ஒன்றாகக் கறுப்பு டேப், அடிக்கு ஒரு துளை. உயரத்திலிருந்து இறங்குகிற வேகத்திலேயே தண்ணீர் சொட்டும். மிளகாய் அரை ஏக்கர், நாற்பத்திரண்டு வரிசை. ஒரு நாளைக்கு ஒரு தொட்டி போதும் என்கிறார் மேடம். தொட்டி மேடையில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார். எத்தனை தொட்டி விட்டேன் என்று தினமும் அதில் எழுத வேண்டும்.

டேப் இழுக்கும்போது மரகதம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழக்கே அடுத்த தோட்டம் அவளுடையது. நடுவில் கிளுவை வேலி மட்டும்தான். புருஷன் ஈஸ்வரமூர்த்திக்கு குஜராத் லைனில் லாரி. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நிலம் அவளுடைய அப்பன் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது. அவள் ஒருத்தியாகவே பார்க்கிறாள். அவளும் அரை ஏக்கர் மிளகாய்தான் வைத்திருக்கிறாள். சோலார் கம்பெனிக்காரர்கள் அவளுக்குக் கிழக்கே எல்லாவற்றையும் வளைத்துவிட்டார்கள். இதையும் கொடுத்துவிடலாம் என்று ஈஸ்வரன் ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்த ஒரு வெள்ளாமையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தவணை வாங்கி வைத்திருக்கிறாள்.

"நல்லா வந்துச்சுன்னா நானும் போட்டுக்கறேனுங்ணா" என்றாள்.

"வராம எங்க போகுது?" என்றேன்.

பிப்ரவரி 9

ஒரு வாரம் ஆயிற்று. செடியின் காலடியில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். மற்ற இடமெல்லாம் புழுதி பறக்கிறது. முப்பது வருஷமாக மடை திருப்பிய கை. காலில் சேறு படாமல் தண்ணீர் பாய்ச்சினேன் என்றால் உடம்பு நம்ப மாட்டேன் என்கிறது.

பால் சொசைட்டிக்குப் போகிறவன் எல்லாம் வேலியோரம் வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகிறான். "என்னுங்ணா, செடிக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து உடறீங்களாட்ட இருக்குது?" என்று நேற்று ஒருவன். சிரித்து வைத்தேன். கூட்டத்தில் கையைத் தூக்காமல் இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது வாய் நீண்டுவிட்டது.

போர் நன்றாகத்தான் கொடுக்கிறது. போன வருஷம் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தானே ஒரு ஆள், கிழக்கு வேலியோரம் வந்ததும் அவன் கையில் தேங்காய் நட்டுக்கொண்டு நின்றது. "ஊத்து அந்தக் கெணத்துப் பக்கமிருந்து வருதுங்" என்றான். மரகதத்தின் கிணற்றைத்தான் சொன்னான். அவன் சொன்ன இடத்தில் போட்டது வீண்போகவில்லை.

பிப்ரவரி 14

இன்று இரண்டு தொட்டி. வெயில் அதிகம்.

பிப்ரவரி 16

செடிகள் வாடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் வாடிவிடுமோ என்கிற பயம் வெயிலைவிட அதிகமாகச் சுடுகிறது. இது காய்ந்தால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது.

டேப்பின் நுனியை மடித்து ஒரு வளையத்தைச் செருகி அடைத்திருக்கிறார்கள். அந்த வளையத்தை உருவினால் தண்ணீர் சொட்டாது, ஓடும். இன்று வரிசை வரிசையாக உருவிக்கொண்டே போனேன். கிழக்கு ஓரம் நாலு வரிசையின் நுனி மட்டும் கிளுவை வேலிக்குள் போய்விட்டது. முள்ளுக்குள் கையை விட முடியவில்லை. அதைக் கடவுள் விட்ட வழி என்று விட்டுவிட்டேன். மற்ற முப்பத்தெட்டிலும் தண்ணீர் சால் பிடித்து ஓடியது. மண் கறுத்தது. வாசம் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று தொட்டி ஆயிற்று. அட்டையில் ஒன்று என்று எழுதினேன். இரண்டு நாளில் நிறுத்திவிடப் போகிறேன், இதைப் போய் எழுதி மேடத்தை எதற்குக் குழப்ப வேண்டும்.

பிப்ரவரி 20

மூன்று. அட்டையில் இந்த வாரம் முழுவதுக்கும் சேர்த்து 1, 1, 1 என்று போட்டுவிட்டேன். பேனா தேடுகிற வேலை மிச்சம்.

பிப்ரவரி 27

மேடம் வருகிறார் என்று போன் வந்ததும் வளையங்களையெல்லாம் மாட்டினேன். முப்பத்தெட்டு வரிசை, இடுப்பு கழன்றுவிட்டது. பாவாத்தாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே பார்த்தாள்.

"ஏனுங், மாமியா வர்றப்ப வாசல் கூட்டறாப்ல கூட்டறீங்க?" என்றாள்.

மேடம் செடிகளைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கை தட்டினார். "ஒரே தொட்டியிலா ஐயா!" என்றார். அட்டையைப் போட்டோ எடுத்தார், என்னையும் எடுத்தார். இந்த ஒரு தொட்டிக் கணக்கை வைத்து நோட்டீஸ் அடித்து மற்ற ஊர்களுக்கும் கொடுக்கப் போகிறாராம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து வேலியோரம் இரண்டு பேர் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் கிளம்பியதும் வளையங்களை மறுபடி உருவினேன்.

மார்ச் 6

மரகதம் டேப் போட்டுவிட்டாள். கிணறு இறங்கிக்கொண்டே போகிறது, வாய்க்காலில் விட்டுக் கட்டுப்படியாகாது என்று அவசரப்பட்டாள். டேப் மேடம் கொடுத்தது; தொட்டிக்கு அவளே அலைந்து பழையது ஒன்று கொண்டுவந்தாள். நான் போய் மேடை கட்டிக் கொடுத்து, குழாய் பொருத்தி, முதல் சொட்டு விழுகிறவரை நின்றேன். வேலை தெரிந்தவன் கை என்று எல்லோரும் சொல்லும்படி செய்தேன். மனசுக்கும் நன்றாக இருந்தது.

மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை வெட்டி நிரவப் போனாள். "சித்த இரு, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றேன்.

"எதுக்குங்ணா? நீங்களே ஒரு தொட்டில ஓட்டறீங்க. போதும்தானுங்?"

"போதும் சாமி" என்றேன்.

நிரவிவிட்டாள். அந்த இடத்தில் இரண்டு வரிசை வெங்காயம் நட்டாள்.

மார்ச் 15

முதல் பறிப்பு. காய் திரட்சி. சந்தையில் மிளகாயைப் பிளந்து பார்த்துவிட்டு எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள்.

மரகதத்தின் கிணற்றில் தண்ணீர், மேலிருந்து எண்ணினால் இருபத்தாறாம் படிக்கு இறங்கிவிட்டதாம். தை மாதம் பதினெட்டில் நின்றது என்கிறாள். "மாசி வெயிலுக்கு எல்லாக் கெணறும் எறங்கத்தான் செய்யும்" என்றேன். என் போரில் ஒரு குறையும் இல்லை. ஆழம் இருந்தால் அப்படித்தான்.

மார்ச் 23

இன்று கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கம்ப்ரசர் மோட்டார் ஊரையே எழுப்புகிற சத்தம் போடும். மும்முனைக் கரண்ட் ஒன்பது மணிக்கு வந்தால் மூன்று மணிவரைக்கும் அது ஓய்வதில்லை. மரகதம் வேலியோரம் வந்து, "ஏனுங்ணா, ஒரு தொட்டி நெம்ப இத்தனை நேரம் ஆகுதுங்களா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"போர்ல தண்ணி கொறைஞ்சு போச்சும்மா, காத்துதான் வருது, முக்கி முக்கி நெம்புது" என்றேன்.

"அப்படிங்களா" என்று போய்விட்டாள். பேச்சு வந்த வேகத்தைப் பார்த்தால் முன்னாலேயே எனக்குள் தயாராக இருந்திருக்கிறது.

மார்ச் 30

அவள் செடி வாடுகிறது. மேல் இலைகள் சுருண்டு பூ உதிர்கிறது. வெங்காயம் போயே போய்விட்டது.

இப்போது எழுதத்தான் வேண்டும். ஒரு தொட்டி போதாது. போதும் என்று நான் சொன்னேன். என் வாயை நம்பி அவள் வாய்க்காலை நிரவினாள். நான் மூன்று தொட்டி விடுகிற ஆள், அவளை ஒரு தொட்டியில் விட்டுவிட்டேன்.

பாவாத்தாளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்குச் சொல்லி என்ன பண்றது? சொல்ல வேண்டியவ வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கறா" என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 31

சந்தைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 5

வயல்விழா. நம் தோட்டத்தில் சாமியானா போட்டு, ஆறு ஊரிலிருந்து எண்பது பேர் வந்தார்கள். நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் நான் மிளகாய்ச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்; கீழே கொட்டை எழுத்தில் 'அரை ஏக்கருக்கு ஒரே தொட்டி!' என்று இருக்கிறது. துண்டு போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக் கையில் வந்தால் எனக்குப் பேச வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து என்று கேலி செய்தவனே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார் மேடம். பெண்கள் பக்கமிருந்து மரகதம் எழுந்தாள்.

"அண்ணன் சொன்னாப்லயே எல்லாம் பண்ணீட்டனுங். தொட்டிதான் நெம்ப மாட்டீங்குது, முக்காத் தொட்டி, அரைத் தொட்டின்னு போகுது. செடி பாதி போயிருச்சு. நான் எதுல தப்புப் பண்ணீட்டேன்னு அண்ணனே சொன்னாத் தேவலீங்."

எண்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "சல்லடையக் கழுவறதில்ல போலிருக்குது. நம்மாளுக மெசினப் போட்டா மட்டும் போதும்னு நெனைக்கறாங்க. அதைக் கண்ணும் கருத்துமாப் பாக்கோணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, சும்மா ஒரு சிரிப்பு. மரகதம் முகம் கறுத்துப்போய், "சரிங்ணா, கழுவறேன்" என்று உட்கார்ந்தாள்.

அவள் சல்லடையை நான் நேற்றுகூடப் பார்த்தேன். அதில் சோறு வடித்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

ஏப்ரல் 6

காலையில் மரகதம் தொட்டிக்குக் கீழே குத்தவைத்துச் சல்லடையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வடக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 8

பாவாத்தாள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

ஏப்ரல் 12

ஈஸ்வரன் அடுத்த வார ஞாயிறு வருகிறானாம். சோலார் ஆட்களும் அன்றைக்கே நிலம் அளக்க வருகிறார்களாம். இதைப் பாவாத்தாள்தான் சொன்னாள், அதுவும் ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு முடிவுக்கு வந்தேன். மரகதத்திடம் போய், ஒரு தொட்டி போதாது, நான் பொய் சொல்லிவிட்டேன், உன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவது. மேடத்துக்கும் போன் போட்டு, உங்கள் நோட்டீஸ் பொய், சொட்டுநீர் நம் காட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிடுவது. மனசு கொஞ்சம் லேசானது. பொய் சொன்னவன் என்ற பெயரோடு போகட்டும் என்று இருந்தது.

அதற்கு முன்னால் இன்றைய பறிப்பை முடிக்க வேண்டியிருந்தது. மூன்று பெண்கள் பறித்தார்கள். பாவாத்தாள் எடை போட்டாள். கிழக்கு ஓரத்து நாலு வரிசையைத் தனிச்சாக்கில் போட்டிருந்தாள்.

"இதை எதுக்குத் தனியா வெச்சே?"

"முள்ளுக்குள்ள இருக்கறது. நீங்க நுனியக் கழட்டாதது. எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்னுதான்."

எனக்கு அந்த வரிசைகளே மறந்துபோயிருந்தன. ஒரு வாரமாகப் பேசாமலிருந்த பெண்பிள்ளை அதை மட்டும் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எடை போட்டோம். பக்கத்து நாலு வரிசையையும் எடை போட்டோம். வேலியோரத்து நாலு வரிசை அரைக் கிலோ அதிகமாக இருந்தது. நம்பாமல் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு மேற்கே நாலு வரிசை, நடுவில் நாலு வரிசை. எங்கும் அதற்குமேல் ஒரு காய் இல்லை.

அந்த நாலு வரிசையும் இந்த இரண்டு மாதமும் சொட்டித்தான் குடித்தன. முப்பத்தெட்டு வரிசையிலும் நுனி திறந்து ஓடிய தண்ணீர் செடிக்குப் போகவே இல்லை. சாலில் ஓடி, வெயிலில் ஆவியாகி, கோரைப்புல்லுக்குப் போயிருக்கிறது. மேற்கு ஓரம் கோரை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதைக்கூட நான் செழிப்பு என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் ஒரு தொட்டி போதும். நான் அட்டையில் எழுதிய பொய் நிஜம். மரகதம் செய்தது சரி. பிறகு அவள் செடி ஏன் செத்தது?

"முக்காத் தொட்டி, அரைத் தொட்டி" என்று அவள் எண்பது பேர் முன்னால் சொன்னாள். ஒரு தொட்டி போதாமல் சாகவில்லை. அந்த ஒரு தொட்டியே அவளுக்குக் கிடைக்கவில்லை.

தராசுப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது எந்த ஊற்றிலிருந்து இழுக்கிறது என்று தேங்காய்க்காரன் அன்றைக்கே சொன்னான். நான்தான் அதை என் அதிர்ஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பக்கம் திருப்பினால் இந்த டைரியிலேயே இருக்கிறது.

"நிறுத்துங்க அதை" என்றாள் பாவாத்தாள்.

எழுந்து போய் நிறுத்தினேன். மரகதத்தின் பூ உதிர்ந்ததும் வெங்காயம் போனதும் என்னால்தான். பொய் சொன்னது எவ்வளவோ மேல். நான் அவள் தண்ணீரை எடுத்துக் கோரைக்கு ஊற்றியிருக்கிறேன். எனக்கு ஆகட்டும் என்று எடுத்திருந்தால் திருட்டு என்றாவது பெயர் சொல்லலாம். இதற்கு என்ன பெயர்?

ஏப்ரல் 13

ஒரு தொட்டி. வளையங்களையெல்லாம் மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 15

ஒரு தொட்டி. இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. அப்புறம் தோட்டம் முழுக்க அமைதி. இந்த அமைதி இரண்டு மாதமாக மரகதத்துக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 17

மரகதத்தின் கிணற்றை வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் படி நனைந்திருந்தது. போன வாரம் முப்பத்தைந்து.

திரும்பும்போது அவளே எதிரில் வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கெணத்துல தண்ணி ஏறுதுங்ணா. நாலு நாளா. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா போலிருக்குது."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அவளும் அங்கேயேதான் நின்றாள். போக அவசரமில்லாதவள் மாதிரி நின்றாள். "ஆமாஞ் சாமி, அவதான் காப்பாத்தோணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்த பாவத்தை ஆத்தா தலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மோர் குடித்தேன். என்னை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், ஒன்றையும் விடாமல்.

பத்து மணிக்கு சோலார் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், கையில் அளவு டேப்பும் குறிக்கம்புகளும். ஈஸ்வரன் கிணற்றுமேட்டில் நின்றிருந்தான். மரகதம் செத்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதித் தோட்டம் காலி. மீதிப் பாதி இந்த வாரத் தண்ணீரில் கொழுந்து விட்டிருந்தது. நான் போகாமல் இருந்திருப்பேன். பாவாத்தாள் என் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

ஈஸ்வரன் மரியாதையான ஆள். "வாங்கண்ணா" என்றான். "நீங்களே சொல்லுங்க, இவ கேக்க மாட்டீங்கறா. வெவரமான ஆளு நீங்க, நோட்டீசுல போட்டோவெல்லாம் வந்திருக்குது. இந்தக் கெணறு இனி ஊறுமுங்களா? பெங்களூர் லைனுக்கு மாறிட்டு இவளையும் அங்கயே கூட்டீட்டுப் போயர்லாம்னு இருக்கறேன். ஊறாத கெணத்த வெச்சுட்டு இவ ஒருத்தி எதுக்குச் சாகோணும்?"

"கெணறு ஊறும்" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

அளக்க வந்தவர்களும் டேப்பை விட்டுவிட்டு நின்றார்கள். எண்பது பேர் முன்னால் மைக்கில் பேசியவன், நாலு பேர் முன்னால் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். ஒரு தொட்டி என்று எழுதிவிட்டு மூன்று விட்டது. அவள் ஊற்றை என் கம்ப்ரசர் இழுத்தது. போர் முக்குகிறது என்று சொன்ன பொய். அவள் சல்லடை சுத்தமாக இருந்தது எனக்குத் தெரியும் என்பது. என் செடிக்கு அந்தத் தண்ணீர் தேவைப்படவே இல்லை என்பது. நிறுத்தி எட்டு நாளில் கிணறு ஏறியதையும் சொன்னேன். "தப்பு நெலத்துலயும் இல்ல, கெணத்துலயும் இல்ல, எங்கிட்டத்தான். அளக்காதீங்க" என்றேன்.

ஈஸ்வரன் கத்துவான், கையை ஓங்குவான் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"கெணறு கெட்டுச்சுன்னா தூர் வாரலாமுங்ணா" என்றான். "பக்கத்துத் தோட்டத்துக்காரரு கெட்டாருன்னா என்ன பண்றது? நான் மாசத்துல இருவத்தாறு நாளு ரோட்டுல கெடக்கறவன். நீங்க இருக்கீங்கன்னுதான் இவள உட்டுட்டுப் போனேன். இப்பத்தானுங் இதைக் குடுத்தே ஆகோணும்னு தோணுது."

அவளுக்கு நிலம் நிற்கட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கேட்டவன் அதையே விற்பதற்குக் காரணமாக எடுத்துக்கொண்டான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்பார்களே, அது என்னவென்று தெரிந்துகொண்டேன்.

மரகதம் கையில் இருந்த செடியை வரப்பில் வைத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்குத் தெரியுமுங்."

"என்ன தெரியும்?"

"கம்ப்ரசர் சத்தம் எனக்குக் கேக்காதுங்களா? ஒம்பது மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். மொதல்ல புரியல. அப்பறம் சத்தம் நின்னாப் படி ஏறுது, சத்தம் வந்தாப் படி எறங்குது. இதுக்குப் படிச்சிருக்கோணுமாக்கும்?"

"தெரிஞ்சா வாயத் தொறந்து கேக்கறதுக்கென்ன?" என்று ஈஸ்வரன் கத்தினான்.

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருக்காக் கேட்டேன். போர் முக்குதுன்னாரு. கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன், அப்பவாவது சொல்லுவாரான்னு. சல்லடையக் கழுவுன்னாரு. கழுவுனேன். மூணாவது தடவையும் கேட்டு, அதுக்கும் இல்லைன்னு சொல்லிட்டாருன்னா, அப்பறம் நான் யாரைப் போயி அண்ணான்னு கூப்பிடறது? அதான் கேக்கல."

சோலார் ஆட்களில் ஒருவன் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நெலம் எம்பேர்ல இருக்குது, கையெழுத்து நான் போடல" என்று புருஷனிடம் சொன்னாள். "மீதிச் செடி தழைச்சிருச்சு. ஒரு நாளைக்கு ஒரு தொட்டி போதும். அது நெசந்தானுங்ணா?"

"நெசம்" என்றேன். "நாலு வரிசையில எடை போட்டுப் பாத்துட்டேன். நெசம்."

"அப்பச் சரி." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்முன்னால் நீட்டினாள். "உங்க கம்ப்ரசர் பெட்டிச் சாவியக் குடுங்க. வெடியால ஒம்பது மணிக்கு நான் வந்து போட்டுட்டு, தொட்டி நெம்புனதும் நிறுத்திப் பூட்டிட்டுப் போறேன்."

இந்த ஊரில் எந்த மோட்டார் பெட்டியும் என் கைக்குத் திறக்கும். அப்படிப்பட்டவன் என் சொந்தப் பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்க்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை. ஈஸ்வரனும் அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21

மேடத்துக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். நோட்டீசில் உள்ள எண் சரிதான், ஆனால் உங்கள் போட்டோவை எடுத்துவிடுகிறேன் ஐயா என்றார். அந்த நாலு வரிசையை மட்டும் வந்து பார்க்கிறாராம்.

ஈஸ்வரன் மத்தியானம் வண்டிக்குப் போய்விட்டான். போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போனான், நின்று சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஏப்ரல் 26

தினமும் ஒன்பது மணிக்கு வருகிறாள். பெட்டியைத் திறக்கிறாள், போடுகிறாள், மேடையடியில் உட்கார்ந்து தொட்டி நிரம்புவதைப் பார்க்கிறாள், நிறுத்துகிறாள், பூட்டுகிறாள். அந்த இரண்டு மணி நேரமும் நான் மாட்டுக்கொட்டகையில் ஏதாவது வேலை செய்கிற மாதிரி இருக்கிறேன். பாவாத்தாள் அவளுக்கு டீ கொடுக்கிறாள். இரண்டு பேரும் பேசிச் சிரிப்பதுகூடக் கேட்கிறது. அவள் கிணறு இருபத்தைந்தாம் படிக்கு வந்துவிட்டது. காலி இடத்தில் கொத்தமல்லி விதைத்திருக்கிறாள்.

மே 4

இன்று கரண்ட் பத்து மணிக்குத்தான் வந்தது. அவளுக்குச் சந்தைக்குப் போகிற அவசரம். வேலியோரம் நின்று கூப்பிட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று நினைத்து எழுந்து ஓடினேன். ஐம்பத்து நாலு வயசில் ஓடினேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அண்ணா, நான் வர வெயில் சாஞ்சுரும். இன்னைக்கு ஒரு நாளு செடி பொறுத்துக்கும், பயப்படாதீங்க" என்றாள்.

அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. சரி சாமி, போயிட்டு வா என்றேன்.